பூசணிக்காய் எழுத்து

காலையிலிருந்து கம்பெனியின் எல்லாக் கிளைகளிலிருந்தும் ஒரே புலம்பல். கம்ப்யூட்டர் திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் சைசுக்கு வீங்கிக் கிடக்கிறதாம்.

மேனேஜர் புரோகிராமரைக் கூப்பிட்டார். "என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"எல்லாரோட செட்டிங்ஸையும் ஒழுங்கா வைக்க நேத்து பைத்தான் மொழியில 'கிளாஸ்'னு ஒரு நிரல் எழுதினேன் சார். அதுல செட்டிங்ஸைப் போட்டு வைக்க ஆளுக்கொரு டப்பா இருக்கணும். அசதியில ஒரே டப்பாவை எல்லாருக்கும் பொதுவா வச்சுட்டேன். ஒருத்தருக்காகப் பெரிசு பண்ணின எழுத்து, ஊருக்கே பெரிசாயிடுச்சு."

"யாரு அந்த மகராசன்?"

புரோகிராமர் கதவுப் பக்கம் நகர்ந்தான். தூக்கமில்லாத கண் எரிந்தது.

"கண்ணு தெரியலேன்னா கண்ணாடி போடச் சொல்லு. வெட்கமா இருந்தா வீட்டோட இருக்கச் சொல்லு. இப்ப பேரைச் சொல்றியா, இல்ல நீ வீட்டுக்குப் போறியா?"

"விடுங்க சார். நான் சரி பண்ணிடறேன்."

"என்னத்தைச் சரி பண்ணுவ? அதுவும் அரைகுறை வேலை." மேனேஜர் தன் திரையை அவன் பக்கம் திருப்பினார். "எல்லாருக்கும் மாறிடுச்சுங்கற. என்னோடது மட்டும் எப்பவும் போலத்தானே இருக்கு?"

கதவருகே நின்ற புரோகிராமருக்கு அங்கிருந்தே ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

"போன மாசம் எட்டை மூணுன்னு படிச்சுட்டு என்னைத் திட்டினீங்க சார். அன்னிக்கு ராத்திரி மாத்தினது. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

மேனேஜர் திரையைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார்.

"கதவைச் சாத்து" என்றார் மெதுவாக. "மத்தவங்களுக்கு மட்டும் சின்னதாக்கிடு."