மூணாம் தண்ணி

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. பூச்சோங்கில் அந்த அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் போவோர் வருவோரெல்லாம் யுகேந்திரன் வீட்டைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வந்திருக்கா" என்று கிசுகிசுத்தபடி போனார்கள்.

ஆத்தா வந்திருந்தது அவன் வளர்த்த லோஹான் மீனுக்கு.

இது யுகேந்திரனுக்கும் அவன் மனைவி லோகேஸ்வரிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். நெற்றி புடைத்த அந்த மீனின் உடம்பெல்லாம் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. மருந்து ஊற்றினால் உதிரும். அப்பாடா என்று உட்கார்ந்தால் மறுபடி வந்து நிற்கும். உதிர்ந்த பூச்சி தொட்டியின் அடியில் கல்லுக்குள் இறங்கிக் குடும்பத்தைப் பெருக்கிக்கொண்டு திரும்பவும் மீன் மேலேயே ஏறுகிறது என்று மீன் கடைக்காரர் விளக்கினார். இந்த முறை கூடவே இருந்து, உப்புப் போட்டு, ஹீட்டரில் சூடேற்றி, தண்ணீரை மாற்றி மாற்றி அதைப் பூண்டோடு ஒழித்தால்தான் உண்டு என்றார்.

கூடவே இருப்பதென்றால் லீவு வேண்டும். யுகேந்திரன் வேலை பார்ப்பது ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் அச்சகத்தில். டாக்டர் கொடுக்கும் எம்.சி. சீட்டு இல்லாமல் இன்னொரு தடவை லீவு போட்டால் வேலையே கிடையாது என்று மேனேஜர் சிவநேசன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். மீனுக்கு எந்த கிளினிக்கில் எம்.சி. கொடுப்பார்கள்?

அங்கேதான் யுகேந்திரனின் மூளை குறுக்கே ஓடியது. அம்மை கண்ட வீட்டில் டாக்டரிடம் போவதில்லை, எம்.சி. எங்கே என்று கேட்டால் சாமி குத்தம். போன மாதம் மேனேஜரே வீட்டில் அம்மை என்று எம்.சி. இல்லாமல் லீவில் போனவர்தான். அவன் போனைப் போட்டு, "பாஸ், லோகேஸ்வரிக்கு அம்மை" என்று தழுதழுத்தான். மேனேஜர் எம்.சி. என்ற பேச்சையே எடுக்காமல், "சரி, வீட்ட பாத்துக்க" என்றார்.

அம்மை வீட்டுப் பக்கம் யாரும் தலைகாட்ட மாட்டார்கள் என்ற தைரியத்தில் இருந்தவன், இன்று கிரில் கதவுக்கு வெளியே இளநீரோடு நிற்கும் மேனேஜரை ஜன்னல் இடுக்கு வழியே பார்த்ததும் லோகேஸ்வரிக்குக் கண்ணைக் காட்டினான். லோகேஸ்வரி ஒரே பாய்ச்சலில் சோபாவில் விழுந்து போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அவன் கொடியில் கிடந்த அவளுடைய மஞ்சள் புடவையை உருவி மீன் தொட்டி மேல் போர்த்தினான்.

"பந்திங் பக்கம் ஒரு டெலிவரி, அப்படியே வந்தேன். கதவ தொற லா, எனக்குப் பயம் இல்ல. எங்க வீட்டுல வந்து போனதுதானே."

செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தவர் போர்வையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"எத்தன தண்ணி மாத்துனீங்க?"

"தலைக்கு ரெண்டு தண்ணி ஊத்தியாச்சுண்ணே," என்று போர்வைக்குள்ளிருந்து முனகல் வந்தது. "நாளைக்கு மூணாம் தண்ணி."

"நெறைய போட்டிருக்கா?"

"நெத்தியில ஆரம்பிச்சு வால்..." என்று சொல்ல வந்த யுகேந்திரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "கால் வரைக்கும், பாஸ்."

மஞ்சள் புடவைக்குள் தொட்டி குளுக் குளுக் என்று கொப்பளித்தது.

"என்னா சத்தம் அது?"

"என் வயிறுண்ணே," என்றாள் லோகேஸ்வரி. "வெறும் கஞ்சிதான் குடிக்கிறேன்."

வயிறு நிற்கிற வழியாக இல்லை. மேனேஜர் மெல்லப் புடவைப் பக்கம் திரும்பி இரண்டடி வைத்தார். வீட்டில் வேற்றாள் நடமாட்டம் லோஹானுக்கு ஆகவே ஆகாது. அது கண்ணாடியில் மடேரென்று ஒரு முட்டு முட்டியது. புடவை வழுக்கித் தரையில் விழுந்தது.

நீல மருந்துத் தண்ணீருக்குள்ளிருந்து, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு, லோஹான் மேனேஜரை முறைத்தது. மேனேஜரும் அதை முறைத்தார். இனி நடித்துப் பயனில்லை என்று லோகேஸ்வரி போர்வையை விலக்கி எழுந்து, சோபாவில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். அவள் முகத்தில் ஒரு பருகூட இல்லை.

ஒரு மீனுக்காக வேலையைத் தொலைத்தவன் என்று ஊர் சிரிக்குமே என்று பதறிய யுகேந்திரன் கையைக் கூப்பினான்.

"மன்னிச்சிருங்க பாஸ். பொய் சொன்னது தப்புதான். வேலைய விட்டு மட்டும் தூக்கிறாதீங்க."

மேனேஜர் தொட்டி முன்னால் மண்டியிட்டு, ஹீட்டரை உற்றுப் பார்த்தார். தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்த்தார். விரலை நக்கி உப்பும் பார்த்தார். பிறகு எழுந்துபோய், தாழ்வாரத்தில் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிறாத, யுகேன்," என்றார் தணிந்த குரலில். "எங்க வீட்டுல வந்ததும் லோஹானுக்குத்தான்."