தெரியாததைச் சொல்லும் நேரம்

"டைம்டேபிளா? அதெல்லாம் செவுத்துல ஒட்டினா இந்த ரெண்டும் மொதல் நாளே கிழிச்சுக் கப்பல் விட்டுடும் அக்கா!"

தில்ஷாத் சிரித்துக்கொண்டே டீ டம்ளரை நீட்டினாள். தேவகிக்குச் சிரிப்பு வரவில்லை. காட்பாடியிலிருந்து லீவு போட்டுவிட்டு ரயிலேறி ஆம்பூருக்கு வந்ததே அந்த டைம்டேபிளை வாங்கிக்கொண்டு போகத்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கும் ஒருத்தி இருக்கிறாள் என்று தோழி நிஷாதான் நம்பர் கொடுத்திருந்தாள்.

"என் பையன் கௌதம் மூணாவது படிக்கிறான்மா. யூனிஃபார்மைப் பாத்தாலே வாந்தி எடுக்கிறான். கிளாஸ்ல வாயே தெறக்கிறதில்ல. தப்பாச் சொல்லிட்டா எல்லாரும் என்ன நெனைப்பாங்களோன்னு பயம். உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டார்." தேவகி டம்ளரைக் கீழே வைத்தாள். "வீட்லயே படிக்க வைக்கலாமான்னு பாக்குறேன். ஆனா காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எந்த நேரத்துக்கு எதைச் சொல்லித் தர்றது? ஒண்ணும் பிடிபடல. அவங்கப்பாவோ உனக்குப் பைத்தியமான்னு கேக்குறார்."

"வாயால சொன்னாப் புரியாது அக்கா. ஒக்காந்து பாருங்க."

தேவகி உட்கார்ந்து பார்த்தாள்.

ஒன்பது வயது ஜோயா தரையில் குப்புறப் படுத்திருந்தாள். அப்பா ஷூ கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கழிவுத் தோல் துண்டு ஒன்றின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தாள். கோணல்மாணலான துண்டு. முழுக் கட்டங்களை எண்ணிவிட்டு, ஓரத்தில் அரையும் குறையுமாக நின்றவற்றை ஒன்றோடொன்று ஜோடி சேர்த்துத் தம்பி முஜாஹித்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஏழு வயது.

"பரப்பளவு! இதைப் பெரிய கிளாஸ்லதானே எடுப்பாங்க?" தேவகி வாயைப் பிளந்தாள்.

"அப்படியா? இவளுக்கு அது தெரியாதே! தோலு கோணலா கீது, எப்படி அளந்து விக்கிறாங்கன்னு அவங்கப்பாவைக் கேட்டா. நீயே கண்டுபிடின்னு துண்டைக் குடுத்துட்டாரு. ஒரு வாரமா வீட்ல இதே பேஜார்தான்."

அப்போது தெருக்கோடித் தொழிற்சாலையில் சங்கு ஊதியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜோயா பென்சிலை வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முஜாஹித் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, இப்போதுதான் படித்த அதே பாடத்தை அக்காவுக்கு நடத்த ஆரம்பித்தான். அடேயப்பா, அந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே!

"சங்கு ஊதினா வாத்தியார் மாறணும், அதான் எங்க வீட்டு ரூல். காலையில நானு, அப்புறம் அவ, அப்புறம் இவன். லீவு நாள்ல அவங்கப்பாவும் கையைக் கட்டிக்கினு ஒக்காரணும். தப்பிக்கவே முடியாது!" என்றாள் தில்ஷாத்.

பாதியில் முஜாஹித் தலையைச் சொறிந்தான். "இந்த மூலை எப்படின்னு எனக்குத் தெரியல."

"அப்ப சாப்ட்டதும் சொல்லு," என்றாள் ஜோயா. அவ்வளவுதான். கேலியும் இல்லை, திட்டும் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும்தான் தேவகிக்கு அது விளங்கியது. நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அந்த வீட்டில் அது தெரியாததைச் சொல்லும் நேரம்.

"மழையே இல்லாதப்போ பாலாத்து மணலைத் தோண்டினா தண்ணி எங்கேர்ந்து வருது? தெரியாது!" என்று முஜாஹித் கத்தினான். அக்காவும் அம்மாவும் கை தட்டினார்கள்.

"அம்மி திட்டும்போது உருதுல திட்றாங்க, கொஞ்சும்போது தமிழ்ல கொஞ்சறாங்க. ஏன்? தெரியாது!" என்றாள் ஜோயா.

"எனக்கே தெரியாதுடி!" என்று தில்ஷாத்தும் கை தட்டினாள்.

தேவகி மலைத்துப் போனாள். தெரியாது என்பதை ஒரு குழந்தை இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்லி அவள் கேட்டதே இல்லை. தெரியாது என்று சொல்லத் தெரியாமல்தானே அங்கே ஒருவன் தினம் தினம் குடலைப் புரட்டி வாந்தி எடுக்கிறான்!

"ஆன்ட்டி, உங்களுக்கு இன்னா தெரியாது?" முஜாஹித் அவள் முழங்காலைத் தட்டிக் கேட்டான்.

தேவகி அவன் தலையைத் தடவினாள். "என் பையன் ஏன் வாந்தி எடுக்கிறான்னு எனக்குத் தெரியாம இருந்துச்சுப்பா."

வீட்டு வழக்கப்படி பிள்ளைகள் இருவரும் பலமாகக் கை தட்டினார்கள். அடக்கி வைத்த அழுகையெல்லாம் தேவகிக்கு அப்போதுதான் வெடித்து வந்தது.

தில்ஷாத் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்க அக்கா. புள்ள நல்லா வருவான்."

"முடிவு பண்ணிட்டேன் தில்ஷாத். நாளையிலேர்ந்து அவன் வீட்லதான்."

"வீட்ல படிக்க வெக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல அக்கா. ஸ்கூல்ல டிசி வாங்கறதுதான் கஷ்டம்!" தில்ஷாத் குரலைத் தாழ்த்தினாள். "எங்க புள்ளைங்க ஸ்கூல் பிரின்சிபால் என்னை எத்தினி வாட்டி அலையவிட்டாங்க தெரியுமா? ஸ்கூலுக்குப் போகாத புள்ள உருப்படுமான்னு லெக்சர் வேற. உங்க ஸ்கூல்ல எப்படி? கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவாங்களா?"

தேவகி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அந்த லெக்சரை நானும் நெறைய தாய்மாருக்குக் குடுத்திருக்கேன்மா. அவன் ஸ்கூல்ல டிசிக்குக் கையெழுத்துப் போடுற பிரின்சிபால் நான்தான்."