எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே

ஐந்து மணிக்கு அலாரம். ஐந்து பத்துக்குப் பால் அடுப்பில். பக்கத்து அடுப்பில் முட்டை இரண்டு. இஸ்திரி போட்ட சீருடை நாற்காலியில். மகளை எழுப்பி, பிரஷ்ஷில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்துக் கையில் கொடுத்து, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு.

எட்டு மாதமாக இதே வரிசை.

பல் துலக்க மாடி எதற்கு என்றால், அம்மாவுக்குக் காட்ட வேண்டும். அம்மா நட்சத்திரமாகி எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நிற்கிறாள். மகள் வாயைத் திறந்து மேல் பல், கீழ்ப் பல் எல்லாவற்றையும் காட்டுவாள். அதற்குப் பிறகுதான் கொப்பளிப்பு.

அது நட்சத்திரம் இல்லை. வெள்ளி. கிரகம்.

அவனுக்குப் பிழைப்பே அதுதான். கோளரங்கத்தின் இருட்டில் நின்றுகொண்டு, தினமும் நான்கு காட்சி, கூரையில் பச்சைப் புள்ளியை நகர்த்திப் பேசுவான். மினுக்கினால் நட்சத்திரம். மினுக்காமல் முறைத்துக்கொண்டு நின்றால் கிரகம். இவ்வளவுதான் சமாச்சாரம். இதுகூட ஒருத்தருக்கும் தெரியாது. பளிச்சென்று எது இருந்தாலும் துருவ நட்சத்திரம் என்று கத்துவார்கள், அதிகம் படித்தவர்கள் முதலில். நிஜமான துருவ நட்சத்திரம் பத்தோடு பதினொன்றாக மங்கலாக ஒரு மூலையில் கிடக்கும். அதைக் காட்டினால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பதுபோலப் பார்ப்பார்கள்.

மனைவியும் அந்தக் கூட்டம்தான். கல்யாணமான புதிதில் வியாழனைக் காட்டி, துருவ நட்சத்திரம்தானே என்றாள். திருத்தினான். மறுநாள் வெள்ளியைக் காட்டிக் கேட்டாள். திருத்தினான். ஒருநாள் விமானத்தைக் காட்டினாள். அதையும் திருத்தினான்.

ஒத்தாசைக்கு வந்து தங்கியிருக்கும் அவனுடைய அக்கா இன்னும் மோசம். பால்காரர், பள்ளி வேன் டிரைவர், மாடி வீட்டுக்காரர், யார் அகப்பட்டாலும் வானத்தைக் காட்டி, எங்க வீட்டுப் பொண்ணு அங்கதான் நிக்குது என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வானத்தில் மேகம் இருந்தாலும் காட்டுவாள்.

அவன் மனைவி கடைசியாகச் சொன்ன வார்த்தையும் அக்காவின் வாயில் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தது. முதலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அடுத்த மாதம் கண் கலங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். போன வாரம் அடுத்த ஜென்மமும் வந்து சேர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் அக்கா ஆஸ்பத்திரி அறையிலேயே இல்லை. பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கேன்டீன் வரிசையில் நின்றாள்.

அவன் மறுக்கவில்லை. மறுத்தால், பிறகு என்னதான் சொன்னாள் என்று கேட்பார்கள்.

வெள்ளி இறங்கிக்கொண்டிருந்தது. அது சூரியனுக்குப் பின்னால் போகிற காலம். வாரத்துக்கு வாரம் தாழ்ந்து, தாமதமாக எழுந்து, கடைசியில் விடியல் வெளிச்சத்தில் காணாமல் போகும். திரும்பி வரும்போது மேற்கே, சாயங்காலத்தில் வரும். அதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை ஐந்து வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்வது? அம்மா இரண்டாம் தடவையும் போய்விட்டாள் என்றா? காதில் பூச்சுற்றுகிறவர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

அவன் யோசித்திருந்தான். தொட்டி அதை மறைக்கப்போகும் நாள் அவனுக்குத் தெரியும். சொல்ல வேண்டியதையும் தயாராக வைத்திருந்தான். அது வெள்ளி. பாறையும் புகையும். அம்மா இல்லை. மூன்று வாக்கியம், போதும்.

இன்று தொட்டிக்கு மேலே ஒன்றும் இல்லை.

மகள் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே பார்த்தாள். இடுப்பிலிருந்து இறங்கினாள். கைப்பிடிச் சுவரின் கோடிக்குப் போய் எக்கிப் பார்த்தாள். துணிக்கொடிக்கு அடியில் குனிந்து வந்து இந்தப் பக்கமிருந்தும் பார்த்தாள். நுரை முழங்கை வரை வழிந்துவிட்டது.

“அம்மா எங்கப்பா?”

அவன் வாயைத் திறந்தான்.

உச்சிக்குப் பக்கத்தில் வியாழன் நின்றது. மினுக்காமல், முறைத்துக்கொண்டு.

“அதோ. மேல ஏறிட்டா.”

கோளரங்கத்தில் எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் விளக்கைப் போட்டு மூஞ்சியைப் பார்த்திருப்பான்.

மகள் லேசில் நம்பவில்லை. அம்மா ஏன் சின்னதாகிவிட்டாள் என்று கேட்டாள். உயரத்துக்குப் போனால் சின்னதாகத்தான் தெரியும் என்றான். அதுவும் தப்பு. வாய் கூசாமல் சொன்னான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தாள். மேல் பல். கீழ்ப் பல். விழுந்துவிடாமல் அவள் பிடரியை அவன் பிடித்துக்கொண்டான்.

பிள்ளையைக் கூட்டிவந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்ன ராத்திரி, ஆஸ்பத்திரி ஆறாவது மாடி ஜன்னலிலும் இப்படித்தான் விடிந்துகொண்டிருந்தது. கட்டிலில் மகளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, வெளியே பளிச்சென்று நின்றதைக் காட்டி, இனிமேல் அம்மா அந்த நட்சத்திரத்தில் இருப்பேன், தினமும் பல் விளக்கிவிட்டு வந்து காட்டு என்று சொன்னவள் அவன் மனைவிதான். அக்காவுக்கே பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

அன்று மகள் அப்படியே தூங்கிப்போனாள். அவன் பழக்கதோஷத்தில் திருத்த ஆரம்பித்தான். மனைவி மூக்கின் மேலிருந்த ஆக்ஸிஜன் முகமூடியை ஒரு விரலால் விலக்கினாள்.

“வெள்ளின்னு எனக்கும் தெரியும். வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க.”