மூன்றாவது மானிட்டர்

மூன்றாவது மானிட்டர் எரிந்தால் இன்றைக்கு ஒருத்திக்கு வேலை போகும்.

மேனேஜர் நாகேஷ் அதை வாய்விட்டே சொல்லியிருந்தார். "கக்கூஸ் டோக்கன் எடுத்தா அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல எவ நிக்கிறாளோ அவளுக்கு இன்னிக்கே கணக்கு முடிச்சிடறேன். ஒருத்திய அனுப்பினாத்தான் மத்தவளுங்க அடங்குவாளுங்க."

ரெமிஜியஸ் மேஜைக்கடியில் மண்டி போட்டிருந்தான். அந்த கார்மெண்ட்ஸுக்கு எலக்ட்ரீஷியன் அவன். மோட்டார், ஃபேன், தையல் மிஷின் வயர், இப்போது கம்ப்யூட்டரும் அவன் தலையில்.

கம்ப்யூட்டரின் பின்னால் மானிட்டர் செருக ஒரே இடம்தான். மற்ற இரண்டுக்கும் பெங்களூர் எஸ்.பி. ரோடு கடையிலிருந்து அடாப்டர் வாங்கி வந்திருந்தார்கள். ஒரு திரையில் தையல் கூடம், இன்னொன்றில் கேட், மூன்றாவதில் பெண்கள் கக்கூஸுக்குப் போகும் வழி தெரிய வேண்டும்.

லைனுக்கு நாற்பது பெண்கள். லைனுக்கு ஒரு டோக்கன். மாட்டுக்கு மணி கட்டின மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போக வேண்டும். முறை வருவதற்குள் அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வராதவள் கிடையாது. நாகேஷுக்கு என்ன, அவர் வயிறா?

செருகினான். மூன்றும் எரிந்தன.

மூன்றிலும் தையல் கூடம்.

மவுஸை நாலு தட்டு தட்டினால் மூன்று படமாகப் பிரிந்துவிடும். அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்துக்கொண்டான்.

"இந்த அடாப்டர் இவ்வளவுதான் சார். மூணுலயும் ஒரே படம்தான் காட்டும்."

நாகேஷ் கோபப்படவில்லை. மோவாயைச் சொறிந்தார்.

"தைக்கிறதப் பாக்க சூப்பர்வைசர் இருக்கான். கேட்டுக்கு வாட்ச்மேன் இருக்கான். கக்கூஸுக்குத்தான் ஆள் இல்ல. மூணுலயும் அதையே வச்சுக்கறேன் விடப்பா."

கேமரா மாற்ற அவருக்கே தெரிந்திருந்தது.

மூன்று திரையிலும் ஒரே சுவர். சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து ஒரு பெண். கழுத்தில் டோக்கன். ஒரு கை அடிவயிற்றில்.

நாகேஷ் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நகரவில்லை. மறுபடி பார்த்தார். ஒரு கால் எடுத்து வைத்தாள், நின்றாள், சுவரைப் பிடித்தாள்.

ரெமிஜியஸின் கை மவுஸுக்குப் போய்த் திரும்பியது. இப்போது பிரித்து என்ன, ஏதாவது ஒன்றில் அவள் இருப்பாள்.

"நடிப்பப் பாரு. யாருய்யா இவ?"

"பிரிஜெட் சார். பி லைன்."

நாகேஷ் சிரித்தார். "பேரு, லைனு எல்லாம் கையில வச்சிருக்கே. பலே ஆளுதான்."

ரெமிஜியஸ் திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஏழு மாசம், வீட்டுல இருன்னு காலையில அடிக்காத குறையாச் சொன்னேன் சார். லீவு போட்டா வேலை போயிடும்னு என் வண்டியிலயே ஏறி உக்காந்து வந்தா."