தாய்மாமன் மடி

தாலுகா எல்லையிலிருந்த கேட், ஒவ்வோர் இனமும் இத்தனை சதவீதம்தான் என்று எண்ணித்தான் ஆளை உள்ளே விடும். 'இதரர்' பங்கு நிரம்பிவிட்டதால், இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்ட மினதியின் மகன் காதுகுத்துக்கு ஒடிசாவிலிருந்து வந்த அவள் தம்பி பிஜயை அது வெளியிலேயே நிறுத்திவிட்டது.

"தாய்மாமன் மடியில்லாம எப்படி அம்மிணி காது குத்தறது?" என்றார் மாமனார் நாச்சிமுத்து. அந்தக் கேட் வேண்டுமென்று கிராம சபையில் முதலில் கை தூக்கியவர் அவர்தான்.

"அவன் வெளியவே உக்காரட்டும்" என்ற மினதி, குழந்தையைக் கேட்டுக்கு மேலாகத் தூக்கித் தம்பியிடம் கொடுத்தாள். அவன் சாலையிலேயே சம்மணம் போட்டு மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி கம்பிக்குள் கையை விட்டுக் குத்தினார். குழந்தை வீறிட்டது.

கேட் பேசியது: "இதரர் ஒருவர் வெளியேறினார். காலியிடம் காத்திருந்த பிஜய்க்கு ஒதுக்கப்பட்டது. குழந்தை வரிசையில் காத்திருக்கவும்."

"ஐயோ, அது எம் பேரனுங்க!"

"தாய்வழியில் இதரர்."

நாச்சிமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மினதி கேட்டை ஓங்கி உதைத்தாள்.

"உங்காளுக பங்குல ஒருத்தருங்கூடக் குறையலீங்களே மாமா! அப்பறம் எதுக்குங்க அழுவறீங்க?"