ஆள் இருக்கு

அமெரிக்காவில் புது நிலம் தேடி மேற்கே வண்டி கட்டிப் போனவர்கள் ஒரு புல்வெளியில் நின்றார்கள். "காலி நிலம்! இனி நமக்குத்தான்!" என்று ஒருவர் முளைக்குச்சியை அடித்தார். யார் வந்தாலும் "இங்கே ஆள் இருக்கு" என்று சொல்வதுதான் குச்சியின் வேலை. அது பெருமையாக நிமிர்ந்தது.

அடுத்த அடியில் மண் உள்வாங்கியது. குச்சி ஓர் எலி வளைக்குள் தொபீரென்று விழுந்தது.

"கூரையைப் பிச்சுக்கிட்டா வரணும்? வாசல் அந்தப் பக்கம் இருக்கே தம்பி!" என்றது தாய் எலி. குஞ்சுகள் உருண்டு சிரித்தன.

"காலி நிலம்னு சொன்னாங்களே..." குச்சி அசடு வழிந்தது.

"குனிஞ்சு பார்த்தாங்களா?"

மேலே இன்னொரு குச்சியை ஊன்றிச் சுத்தியலை ஓங்கினார்கள். குஞ்சுகள் தாயோடு ஒட்டிக்கொண்டன. வளைக்குள் கிடந்த குச்சி தொண்டை கிழியக் கத்தியது: "இங்கே ஆள் இருக்கு!"

சுத்தியல் அந்தரத்திலேயே நின்றது.