பொருந்தாத கனெக்டர்

"வேற கனெக்டரை மாட்டிட்டேன், ஐயா. உள்ளே இருந்த பதிவெல்லாம் போயிடுச்சு. என் தப்புதான்."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

எதிரே நின்ற பெரியவருக்கு முதலில் புரியவில்லை. ஷெட் மூலையில் பின்பக்கம் நசுங்கிக் கிடந்த தன் மகளின் எலெக்ட்ரிக் காரைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார்.

"போயிடுச்சுன்னா?"

"இனிமே யாராலயும் படிக்க முடியாது."

மகள் போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ஓடிக்கொண்டிருந்த கார் நடு ரோட்டில் சட்டென்று நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரியால் சமாளிக்க முடியவில்லை. லாரிக்காரர் மேல் குற்றமில்லை என்று எழுதி வழக்கையும் மூடிவிட்டார்கள். கார் ஏன் நின்றது என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. அதெல்லாம் காருக்குள்ளேயே பதிவாகியிருக்கும், கனெக்டரை மாட்டிப் படித்துவிடலாம் என்று யாரோ சொல்ல, காரை இழுத்துக்கொண்டு வந்து இங்கே விட்டிருந்தார்.

"தம்பி, வீட்டுல அவ அம்மா சோறு தண்ணி இல்லாம கிடக்கா. ஏன் நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு ஒரே கேள்விதான். நான் போய் என்னன்னு சொல்லட்டும்?"

பெரியவரின் குரல் உயர்ந்தது.

"பார்த்து மாட்டத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா இந்த வேலை? என் பொண்ணை ரெண்டாவது தடவையும் கொன்னுட்டியே."

சத்தம் கேட்டு முதலாளியம்மா ஆபீஸ் அறையிலிருந்து ஓடி வந்தார். மெக்கானிக் அவரைப் பார்க்காமல் பெரியவரிடமே பேசினான்.

"ஒண்ணே ஒண்ணு, ஐயா. பதிவு போறதுக்கு முன்னாடி ஒரு வரி பார்த்துட்டேன். உங்க பொண்ணு அப்ப நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துலதான் போயிருக்காங்க. நிதானமா ஓட்டியிருக்காங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. அதை அம்மாகிட்ட தைரியமாச் சொல்லுங்க."

"நாப்பத்தஞ்சா?" பெரியவர் பக்கத்திலிருந்த டயரைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "மெதுவாத்தான் போனாளா? என் கண்ணு மெதுவாத்தான் போனாளா?"

அந்த மனிதர் அழுததைப் பார்க்கிற தெம்பு அங்கே யாருக்கும் இல்லை. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"இவனை இன்னையோட நிறுத்திடறேன், ஐயா," என்றார் முதலாளியம்மா. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"நிறுத்தினா அவ வந்துடுவாளா, அம்மா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரியவர் ஆட்டோ பிடிக்கப் போனார்.

முதலாளியம்மா மெக்கானிக்கை அறைக்குள் கூப்பிட்டார். அவனுக்கு ஷெட்டில் 'துளை எண்ணி' என்று பேர். எந்தக் கனெக்டரைக் கொடுத்தாலும் துளைகளை எண்ணி, படத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடப் பெண்ணின் பல்லை எண்ணியிருப்பான் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். பதினோரு வருஷத்தில் அவன் ஒரு கனெக்டரை மாற்றி மாட்டியதாகச் சரித்திரமே இல்லை.

"நீ போய் இப்படிப் பண்ணினேன்னா நான் நம்பணுமா?"

அவன் கதவைச் சாத்திவிட்டு லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினான். பதிவு முழுசாக இருந்தது. வேகம், பிரேக், மோட்டார், நேரம், எல்லாம் வரிவரியாக.

முதலாளியம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடப்பாவி, இதை வச்சுக்கிட்டா அந்த மனுஷனை அப்படி அழ விட்டே? கார் கம்பெனிக்காரன் பேர் கெட்டுடும்னு மறைக்கிறியா?"

"கார் மேல தப்பில்லை, அக்கா."

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"ஸ்டீயரிங்குக்குக் கீழே, நாம லேப்டாப் மாட்டற அதே சாக்கெட்ல இது சொருகியிருந்தது. வண்டி எங்கே போகுது, எவ்வளவு வேகம்னு போனுக்குத் தகவல் அனுப்பற கருவி. பெட்ரோல் காருக்குச் செஞ்சது. இந்தக் கார் சாக்கெட் வேற. நடுவுல ஏதோ ஒரு மலிவான கனெக்டரைக் கொடுத்து மாட்டியிருக்காங்க. வெளியே பார்த்தா கச்சிதமாப் பொருந்தும். உள்ளே ரெண்டு ஒயர் இடம் மாறியிருக்கு. அதனால போனுக்கு ஒரு தகவலும் போகலை. மாட்டின மறுநாள் காலையில கார் சிக்னல் மொத்தமும் குழம்பி, மோட்டார் நின்னு, பிரேக் தானாப் பிடிச்சிருக்கு."

முதலாளியம்மா கருவியைத் தொடக்கூடப் பயந்தவர் மாதிரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"அந்தப் பொண்ணே மாட்டினதா?"

"இல்லை, அக்கா. அவங்க கண்ணுல படாதபடி உள்ளே தள்ளி, டேப் சுத்தி வச்சிருக்கு."

"அப்ப வேற எவனோ வேவு பார்த்திருக்கான். சும்மா விடலாமா அவனை? ஒரு உசிரையே எடுத்திருக்கான். பெரியவர் இன்னும் தெருவைத் தாண்டியிருக்க மாட்டார். முதல்ல அவருக்குச் சொல்லணும்."

காரை விடும்போது பெரியவர் எழுதிக் கொடுத்த ஜாப் கார்டை இழுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த எண்ணைப் போனில் ஒவ்வொன்றாக அழுத்த ஆரம்பித்தார்.

மெக்கானிக் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பதினோரு வருஷத்தில் அவன் அப்படிச் செய்ததில்லை.

"வேண்டாம், அக்கா. தகவல் அனுப்பறதுக்காக இந்தக் கருவிக்குள்ள பதிஞ்சு வச்சிருக்கிற நம்பரும் அதேதான். பொண்ணு வேகமாப் போயிடக் கூடாதேன்னு அவர்தான் மாட்டியிருக்கார்."